வீட்டு முற்றத்தில் மிளா நின்றால்: குமரி மலையடிவாரத்துக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு

நான் நாகர்கோவில் நகரத்துக் கோட்டாறில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி, கீரிப்பாறைக்குப் போகும் வழியில் உள்ள ஊருக்கு வந்த முதல் மாதம் அது. விடியும் முன் பின்வாசலைத் திறந்தேன். பலா மரத்தடியில் யார் வீட்டு மாடோ அவிழ்த்துக்கொண்டு வந்து நிற்கிறது என்று நினைத்து, அதட்டிவிடக் கையை ஓங்கினேன். ரப்பர் பால் வெட்டப் போவதற்காக நெற்றியில் விளக்கு கட்டிக்கொண்டிருந்த மாமனார் பின்னால் வந்து, விளக்கை அணைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "மக்ளே, அங்ஙனயே நில்லு. அது மிளா. தானா போவும்."

போயிற்று. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அந்தப் பெரிய மான், வேலி இடைவெளி வழியாக, சருகு மிதிபடும் சத்தம்கூடப் பெரிதாக இல்லாமல், ரப்பர் தோட்டத்துக்குள் நடந்து மறைந்தது.

இப்போது மலையடிவாரத்தில் புதிது புதிதாக மனை போடுகிறார்கள். பணி மாறுதலில் வந்தவர்கள், வெளிநாட்டில் சம்பாதித்துத் திரும்பியவர்கள், ரப்பர் விளையை, அதாவது தோட்டத்தை, வாங்கி வீடு வைத்தவர்கள் என்று பலரும் இங்கே குடியேறுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இந்த மாவட்டம் ஏறக்குறைய 1,670 சதுர கிலோமீட்டர். அதில் 400 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல் வனவிலங்கு சரணாலயம், 2008-ல் அறிவிக்கப்பட்டது. பல இடங்களில் காடு முடிந்து ரப்பர், ரப்பர் முடிந்து வாழை, வாழை முடிந்து நம் மதில். நடுவில் வேறு எதுவும் கிடையாது. ஆகவே மான் வருமா என்று கேட்பதை விட, வந்தால் என்ன செய்வது என்று தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

வருவது யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

'மான்' என்றதும் படத்தில் பார்த்த புள்ளிமான்தான் பலருக்கும் நினைவில் வரும். இங்கே ஈரமான மேற்குப் பக்கத்தில் நீங்கள் அதிகம் பார்க்கப்போவது மிளா. மற்ற ஊர்களில் கடமான் என்பார்கள். வளர்ந்த ஆண் 200 கிலோவைத் தாண்டும். புல்லட் வண்டி ஒன்றின் எடை. தோள் உயரமே நம் நெஞ்சு வரை வரும். பழுப்பு நிறம், கழுத்தில் சிலிர்த்த முடி, ஆணுக்குக் கிளைவிட்ட கொம்பு. பெரும்பாலும் தனியாகவோ, தாயும் குட்டியுமாகவோ, இருட்டிய பிறகு இறங்கும். மிரண்டால் பழைய லாரி ஹாரனை ஒரே ஒரு முறை அமுக்கிவிட்டது போலக் கத்தும். முதல் தடவை நள்ளிரவில் அதைக் கேட்பவர்கள் பயந்துவிடுவார்கள்.

மிளாவைப் பற்றி இன்னொன்று. சில மிளாக்களுக்குக் கழுத்தின் அடிப்பக்கம் முடி உதிர்ந்து, ரத்தம் கசிவதுபோல ஒரு வட்டம் இருக்கும். யாரோ வெட்டிவிட்டார்கள், சிறுத்தை கடித்துவிட்டது என்று புதியவர்கள் பதறுகிறார்கள். அது காயம் இல்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் வரும் இது, இனப்பெருக்கக் காலத்துச் சுரப்பிப் புண் என்று சொல்லப்படுகிறது. அதற்காக யாரும் அதைப் பிடித்து மருந்து போட வேண்டியதில்லை.

அடுத்தது கேளை. கேளையாடு என்றும் சொல்வார்கள்; பெயரில்தான் ஆடு, உண்மையில் சிறிய மான். 20 கிலோவைச் சுற்றி இருக்கும். செம்பழுப்பு நிறம். நாய் குரைப்பது போலவே கத்தும், ஆனால் ஒரே தாளத்தில், இடைவெளி விட்டு விட்டு. பக்கத்தில் நாயே இல்லாத திசையில் அப்படி ஒரு குரைப்பு அரை மணி நேரம் கேட்டால் கேளை எதையோ பார்த்து மிரண்டிருக்கிறது என்று அர்த்தம். அது சிறுத்தையாகவும் இருக்கலாம். அந்த நேரத்தில் டார்ச்சை எடுத்துக்கொண்டு தேடப் போகாதீர்கள். ஆண் கேளைக்கு மேல்வாயில் சின்னக் கோரைப்பல் உண்டு. பிடிக்கப்போனால் கையைக் கிழித்துவிடும்.

சருகுமானைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. முழுதாக வளர்ந்ததே மூன்று கிலோதான் இருக்கும். உயரம் ஒரு அடி. கொம்பு இல்லை. உடம்பில் வெள்ளைப் புள்ளியும் கோடும். இதைப் பார்ப்பவர்கள் "ஐயோ, தாயைப் பிரிந்த மான்குட்டி" என்று தூக்கி வந்துவிடுகிறார்கள். அது குட்டியே இல்லை. காட்டில் தனியாக வாழத் தெரிந்த, ஒருவேளை தானே ஒரு தாயாக இருக்கும் விலங்கு.

புள்ளிமான் திறந்த, புல் உள்ள, வறண்ட நிலத்தை விரும்புவது. ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம்தான் அதற்கு ஏற்ற நிலம். பிள்ளைகளுக்கு மானைக் காட்ட வேண்டும் என்றால் அதற்கு வேறு இடம் இருக்கிறது. புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் வனத்துறை பல்லுயிர்ப் பூங்கா வைத்திருக்கிறது, அங்கே கூட்டிப்போங்கள். வீட்டுப் பின்பக்கம் தீவனம் வைத்து மானை வரவழைக்க வேண்டாம்.

ஏன் இறங்குகிறது

மாசி கழிந்து கோடை மழை பெய்யும் வரை மலையில் ஓடைகள் வற்றும். அப்போது தண்ணீர் தேடி வரும். மழைக்காலத்தில் வருவது வேறு காரணத்துக்கு: மரச்சீனிக் (மரவள்ளி) கொழுந்து, வாழைக்கன்று, பயறு, புதிதாக நட்ட ரப்பர் நாற்று, மலையோர வயல்களில் கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு போகத்து நெல். பலாப்பழம் உதிரும் காலத்தில் மரத்தடியே விருந்து. அப்புறம் நாய்கள். பகலில், நடுத்தெருவில், வாயில் நுரையோடு ஒரு மான் நின்றால் அது மேய வந்த மான் இல்லை. துரத்தப்பட்டு வழிதவறி வந்தது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். இரவில் அமைதியாக மேய்வதைச் சும்மா விட்டால் போதும். பகலில் மூச்சிரைத்து நிற்பதற்குத்தான் உங்கள் உதவி தேவைப்படும்.

குடிவந்த வாரத்திலேயே செய்ய வேண்டியவை

முதல் வேலை, உங்கள் ஊர் எந்த வனச்சரகத்தில் வருகிறது என்று விசாரியுங்கள். கன்னியாகுமரி வனக்கோட்டத்தில் பூதப்பாண்டி, அழகியபாண்டியபுரம், வேளிமலை, குலசேகரம், களியல் என்று சரகங்கள் உண்டு. நேரில் ஒருமுறை போய், வனச்சரக அலுவலகத்தின் எண்ணையும் உங்கள் பகுதி வனவரின் எண்ணையும் வாங்கி வாருங்கள். இணையத்தில் கிடைக்கும் எண்ணை நம்பி இருக்காதீர்கள். ஆட்கள் மாறினால் எண்ணும் மாறிவிடும். வாங்கிய எண்ணை வீட்டில் எல்லோர் போனிலும் ஏற்றி, சமையலறைச் சுவரிலும் எழுதி ஒட்டுங்கள். கூடவே தீயணைப்புக்கு 101, எல்லா அவசரத்துக்கும் 112.

இரண்டாவது, பக்கத்தில் பால் வெட்டுபவர் ஒருவரைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். விடியும் முன் தோட்டத்தில் நடக்கிறவர்கள் அவர்கள். மிளா எந்த ஓடை வழியாக இறங்கும், எந்த விளையைக் கடக்கும், எப்போது திரும்பும் என்று அவர்களுக்குத் தெரியும். மலைக்குள் குடியிருக்கும் காணிப் பழங்குடி மக்களுக்கு அதைவிட நன்றாகத் தெரியும். அவர்கள் "இந்தப் பக்கம் மதில் வேண்டாம்" என்று சொன்னால் காரணம் இருக்கும்.

மூன்றாவது, கிணறு. சுற்றுச்சுவர் இல்லாத கிணறு உங்கள் மனையில் இருந்தால் வீட்டுக்குச் சாயம் அடிப்பதற்கு முன்னால் அதற்குச் சுவர் கட்டுங்கள். குறைந்தது நாலடி. இருட்டில் நாய்க்குப் பயந்து ஓடும் மானுக்குத் தரையோடு இருக்கும் கிணறு கண்ணில் படாது. கழிவுநீர்த் தொட்டிக்கு வெட்டிய குழிக்கும் இதே கதைதான். வேலை முடியும் வரை பலகையாவது போட்டு மூடி வையுங்கள்.

நான்காவது, வேலி. கடற்கரை ஊர்களில் கழித்த பழைய மீன்வலையை வாங்கிச் செடிகளைச் சுற்றிக் கட்டும் பழக்கம் உண்டு. விலை குறைவு, உண்மைதான். ஆனால் தளர்ந்து தொங்கும் வலையில் மிளாவின் கொம்பு சிக்கினால் விடியும் வரை திமிறித் திமிறிக் கழுத்து நெரிந்துபோகும். வலைதான் போட வேண்டும் என்றால் சின்னக் கண் உள்ள வலையாகப் பார்த்து, தொய்வில்லாமல் இழுத்துக் கட்டுங்கள். மின்கம்பியிலிருந்து நேராகக் கொக்கி போட்டு வேலிக்கு மின்சாரம் விடுவது குற்றம். மிளா சாகும், மாடு சாகும், பால் வெட்டப் போகிற மனிதனும் சாவான். சூரிய மின்வேலிக்கும் தமிழ்நாட்டில் 2023 முதல் பதிவு விதிகள் இருக்கின்றன. வனத்துறையிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

நேருக்கு நேர் பார்த்தால், வரிசையாக

ஒன்று. நில்லுங்கள். ஓடாதீர்கள், கத்தாதீர்கள், கையை உயர்த்தாதீர்கள். மான் உங்களை முதலில் பார்த்திருக்கும். காது உங்கள் பக்கம் திரும்பியிருந்தால் அது இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது. முன்காலைத் தரையில் தட்டினால், வாலைத் தூக்கினால், அடுத்து பாயப்போகிறது. எந்தப் பக்கம் பாயும் என்று உங்களுக்கும் தெரியாது, அதற்கும் தெரியாது.

இரண்டு. அது வந்த வழி எது என்று பாருங்கள். மலையோ தோட்டமோ உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் நீங்கள்தான் அதன் வழியை மறித்துக்கொண்டு நிற்கிறீர்கள். முகத்தை அதன் பக்கமே வைத்து, பக்கவாட்டில் மெதுவாக நகர்ந்து, ஒரு சுவருக்கோ தடித்த மரத்துக்கோ பின்னால் போய்விடுங்கள். குறைந்தது ஒரு பஸ் நீளம் இடைவெளி இருக்கட்டும். கொம்புள்ள ஆணுக்கும் குட்டியோடு நிற்கும் தாய்க்கும் அதைப்போல மூன்று மடங்கு. மான் சாது என்பது பாட்டுக்குச் சரி. மடக்கப்பட்ட மிளா கொம்பாலும் முன்குளம்பாலும் அடிக்கும்.

மூன்று. டார்ச்சைத் தரையைப் பார்த்துத் தாழ்த்துங்கள். கண்ணுக்கு நேராக வெளிச்சம் அடித்தால் அது திகைத்து நின்றுவிடும், அல்லது கண் தெரியாமல் சுவரில் மோதும். போனில் படம் எடுக்கலாம், ஆனால் பிளாஷ் இல்லாமல், நின்ற இடத்திலிருந்தே.

நான்கு. நாயைக் கட்டுங்கள். உங்கள் நாயை வீட்டுக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்துங்கள். தெருநாய்கள் சூழ்ந்தால் பக்கத்து வீட்டார் இருவரை மட்டும் அழைத்து, மானுக்கும் நாய்க்கும் நடுவில் போகாமல், நாய்களின் பக்கமிருந்து அவற்றை விரட்டுங்கள். மிளா நாய்க்குப் பயந்தால் தண்ணீரில் இறங்கி, அங்கே திரும்பி நின்று முன்காலால் எதிர்க்கும். குளத்திலோ கால்வாயிலோ அப்படி ஒரு மிளா நின்றால் அது முங்கிச் சாகப்போவதில்லை, நன்றாக நீந்தும். கரையில் உள்ள நாய்களையும் மனிதர்களையும் அகற்றினால் தானாக ஏறிப் போகும்.

ஐந்து. மதிலுக்குள் மாட்டிக்கொண்டிருந்தால் வாசற்கதவை, பின்கதவை, எது தோட்டத்தைப் பார்க்கிறதோ அதை அகலத் திறந்து வையுங்கள். அந்தப் பக்கத்து விளக்குகளை அணையுங்கள். எல்லோரும் வீட்டுக்குள் வந்துவிடுங்கள். பெரிய கண்ணாடி ஜன்னல் இருந்தால் முடிந்தால் ஒரு போர்வையையோ கைலியையோ தொங்கவிடுங்கள். மானுக்குக் கண்ணாடி தெரியாது, வழி என்று நினைத்துப் பாயும். பிறகு காத்திருங்கள். பகலில் வந்து மாட்டினதென்றால் இருட்டும் வரைகூட ஆகலாம். அந்த நேரத்துக்குள் வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள். துணிக்கடை, மாட்டுத்தொழுவம், கார் நிறுத்தும் கொட்டகை மாதிரி மூடிய இடத்துக்குள் நுழைந்துவிட்டால், வெளியே இருந்து கதவை மெதுவாகச் சாத்தி, உள்ளே இருட்டாக்கிவிட்டு, போன் செய்யுங்கள். இருட்டில் மான் அடங்கும்.

கூட்டம் சேரவிடாதீர்கள்

இதைத் தனியாகச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது.

பத்து வருடத்துக்கு மேல் இருக்கும். என் நாத்தனார் வீட்டுத் தெருவுக்குள் ஒரு காலையில் ஒரு கேளை வந்துவிட்டது. நாய் துரத்தியிருக்கிறது, ஆனால் கடிக்கவில்லை. உடம்பில் ஒரு கீறல் இல்லை. தெருப் பையன்கள் நல்ல எண்ணத்தோடுதான் அதை விரட்டிப் பிடித்தார்கள். இருபது நிமிடம் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடியது. பிடித்து, காலைக் கட்டி, ஒரு திண்ணையில் போட்டார்கள். பெண்கள் எல்லாம் சுற்றி நின்றோம். குழந்தைகள் தடவிப் பார்த்தார்கள். அது வாயைத் திறந்து மூச்சு வாங்கியதைப் பார்த்துத் தாகம் என்று நினைத்து, சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அதன் வாயில் ஊற்றியவள் நான். வனத்துறையினர் ஒரு மணி நேரத்தில் வந்து எடுத்துப்போனார்கள். மறுநாள் விசாரித்தபோது இரவே செத்துவிட்டது என்றார்கள்.

காயமே இல்லாத விலங்கு ஏன் சாக வேண்டும் என்று எனக்குப் புரியவே இல்லை. பிறகுதான் ஒரு கால்நடை மருத்துவர் விளக்கினார். மான் பயத்தில் உச்ச வேகத்தில் ஓடும்போதும், பிடிபட்டுத் திமிறும்போதும் அதன் தசைகள் சிதையத் தொடங்கும். ரத்தத்தில் அமிலம் கூடும். சிதைந்த தசையிலிருந்து கசிவது சிறுநீரகத்தை அடைக்கும், இதயம் தடுமாறும். அந்த நேரத்தில் சாகலாம், சில மணி நேரம் கழித்துச் சாகலாம், விட்ட பிறகு நாலைந்து நாள் கழித்துக் காட்டுக்குள் சாகலாம். பிடிபட்ட மான் அசையாமல் கிடந்தால் அமைதியாகிவிட்டது என்று நாம் நினைக்கிறோம். அது உச்சகட்டப் பயம். படுத்துக் கிடக்கும் மானின் வாயில் ஊற்றும் தண்ணீர் நுரையீரலுக்குப் போகும் என்பதையும் அவர்தான் சொன்னார்.

அதனால்தான் சொல்கிறேன்: விரட்டாதீர்கள், பிடிக்காதீர்கள், கட்டாதீர்கள், தடவாதீர்கள், ஊட்டாதீர்கள். தெரு வாட்ஸ்அப் குழுவில் "மான் வந்திருக்கு, ஓடி வாங்க" என்று போடாதீர்கள். போட வேண்டியது இது: "மேலத்தெருவில் மிளா நிற்கிறது. நாயைக் கட்டுங்கள், பிள்ளைகளை உள்ளே வையுங்கள், அந்தப் பக்கம் வண்டி எடுக்காதீர்கள்." தெருவின் இரண்டு முனையிலும் பொறுமையான பெரியவர் ஒவ்வொருவர் நின்று வருகிறவர்களைத் திருப்பிவிட்டாலே பாதி வேலை முடிந்தது.

அரிசி, பழைய சோறு, ரொட்டி எதுவும் வைக்காதீர்கள். இலையும் புல்லும் தின்று பழகிய வயிற்றில் மாவுப்பொருள் திடீரென்று நிறையப் போனால் புளித்து, அதிலேயே சாகும். மாட்டுக்கு வைக்கும் பிண்ணாக்குத் தண்ணீர், உப்புக்கட்டி ஆகியவற்றை இரவில் வெளியே விடாதீர்கள். அந்த உப்புக்கு மான் தினமும் வரும். உணவு ஒட்டிய பிளாஸ்டிக் பையையும் தின்றுவிடும்.

போனில் என்ன சொல்ல வேண்டும்

பதற்றத்தில் "சீக்கிரம் வாங்க சார்" என்பதற்கு மேல் பலருக்கும் வாய் வராது. இந்த வரிசையில் சொல்லுங்கள்: ஊர், தெரு, பக்கத்தில் தெரிந்த அடையாளம் (கோயில், சர்ச், ரேஷன் கடை, பஸ் நிறுத்தம்). என்ன மான், அல்லது எவ்வளவு பெரிது, மாடு அளவா ஆடு அளவா. நிற்கிறதா, படுத்திருக்கிறதா. ரத்தம் தெரிகிறதா, காலை ஊன்றுகிறதா. நாய்கள் இருக்கின்றனவா. கிணறு என்றால் எத்தனை அடி ஆழம், தண்ணீர் எவ்வளவு, வண்டி வரப் பாதை உண்டா. பிறகு இருக்குமிடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, ஒரு ஆளை முக்குச் சாலையில் நிறுத்துங்கள். மலையடிவார ரோடுகளில் வண்டி வழி தேடி அலைவதில்தான் நேரம் போகிறது.

கிணற்றில் விழுந்திருந்தால் மோட்டாரை நிறுத்துங்கள். கழுத்தில் கயிறு போட்டு இழுக்க யாரையும் விடாதீர்கள். தண்ணீர் ஆழமாக இருந்தால் இரண்டு மூன்று வாழைத்தடையை (வெட்டிய வாழைமரத்தை) சேர்த்துக் கட்டி ஓசையில்லாமல் இறக்கிவையுங்கள், அதில் முன்காலைப் போட்டு இளைப்பாறும். மேலே எட்டிப் பார்க்கும் தலை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நேரம் அது தாக்குப்பிடிக்கும். 101-க்கும் வனத்துறைக்கும் இரண்டு பேருக்குமே சொல்லுங்கள்.

நாய் கடித்த மானை வேறு வழியே இல்லாமல் தொட நேர்ந்தால் கையில் காயம் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதன் எச்சிலோ ரத்தமோ பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசி தேவையா என்று கேளுங்கள். மான் தானே என்று விட்டுவிடாதீர்கள். கடித்த நாய் எப்படிப்பட்டது என்று யாருக்கும் தெரியாது.

தனியாகக் கிடக்கும் குட்டி

புதருக்குள், வாழைக்கூட்டத்துக்கு நடுவில், அசையாமல் சுருண்டு கிடக்கும் குட்டியைப் பார்த்தால் அதை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். தாய் கைவிட்டுப் போகவில்லை. பிறந்த சில நாட்களுக்குக் குட்டிக்கு ஓட முடியாது. அதனால் ஒளித்துவைத்துவிட்டு மேயப் போகும், வந்து பால் கொடுத்துவிட்டு மறுபடி போகும். நீங்கள் பக்கத்தில் நின்றால் அது வராது. ஐம்பது அடிக்கு மேல் தள்ளிப்போய், நாய்கள் மட்டும் வராமல் பார்த்துக்கொண்டு, இருட்டும் வரை விடுங்கள். எறும்பு மொய்த்தால், காயம் இருந்தால், தாய் பக்கத்தில் செத்துக் கிடந்தால், அப்போது வனவருக்குப் போன் செய்யுங்கள். பசும்பால் கொடுக்க வேண்டாம், கழிந்து செத்துப்போகும்.

மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்று ஒரு பேச்சு உண்டு. அதை நம்பி, பிள்ளைகள் தெரியாமல் தூக்கிவந்த குட்டியை "இனி தாய் ஏற்காது" என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள். வனவரிடம் கேட்டு, எடுத்த இடத்திலேயே அன்றைக்கே திரும்ப வைத்தால் தாய் வந்து கூட்டிப்போக நல்ல வாய்ப்பு உண்டு. வேளிமலையில் மான் வயிற்றில் பிறந்த வள்ளியை முருகன் கைப்பிடித்தான் என்று கதை சொல்லி, குமாரகோவிலில் வள்ளி கல்யாணம் கொண்டாடும் ஊர் நம்முடையது. அந்தப் பாசத்தில்தான் குட்டியைத் தூக்கிக்கொள்கிறார்கள், எனக்குப் புரிகிறது. ஆனால் வீட்டில் வளர்ந்த ஆண் மான் இரண்டு வயதில் கொம்பு முளைத்து, வளர்த்தவரையே முட்டும். காட்டுக்கும் போக முடியாது, வீட்டிலும் இருக்க முடியாது.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்றால் கொல்வது மட்டும் இல்லை. பிடிப்பதும், கண்ணி வைப்பதும், அதற்கு முயல்வதும் வேட்டைதான். வீட்டில் வளர்ப்பதற்கும் இறைச்சி வாங்குவதற்கும் சிறைக்குப் போக நேரும். யாராவது "மிளா இறைச்சி இருக்கு" என்று ரகசியமாகச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பலர் அறியாத ஒன்று, தோட்டத்தில் உதிர்ந்து கிடக்கும் கொம்பும் அரசின் சொத்து. ஆண் மான் கொம்பை உதிர்த்துவிட்டுப் புதிதாக முளைக்கவிடும், ஆகவே விளையில் கிடைக்க வாய்ப்பு உண்டு. அழகாக இருக்கிறதே என்று வரவேற்பறையில் மாட்டாதீர்கள். கையில் எடுத்துவிட்டால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ தகவல் சொல்ல வேண்டும்.

வண்டி ஓட்டும்போது

பேச்சிப்பாறை ரோடு, கீரிப்பாறை ரோடு போன்ற மலையோரச் சாலைகளில் மாலை ஆறிலிருந்து எட்டு வரையும், விடியலில் நாலரையிலிருந்து ஆறரை வரையும் வேகத்தைக் குறையுங்கள். ஒன்று கடந்துவிட்டால் உடனே ஆக்சிலேட்டரை முறுக்காதீர்கள், பின்னால் இன்னொன்று வரும். நடுரோட்டில் திகைத்து நின்றால் முன்விளக்கைத் தாழ்த்தி, ஹாரன் அடிக்காமல் நிறுத்தி, ஒரு நிமிடம் கொடுங்கள். பைக்கில் போகிறவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். குறுக்கே வந்தால் வண்டியை வெட்டித் திருப்பாமல் நேராகப் பிரேக் பிடியுங்கள்.

மோதிவிட்டால் வண்டியை ஓரமாக விட்டு, நாலு பக்க விளக்கையும் எரியவிட்டு, வனத்துறைக்கோ 112-க்கோ சொல்லுங்கள். மான் துடித்தாலும் கிட்டே போகாதீர்கள்; அதன் குளம்படி எலும்பை முறிக்கும். மருத்துவரிடம் கொண்டுபோகலாம் என்று நீங்களாக காரில் ஏற்றவும் கூடாது.

தோட்டம் அழிந்திருந்தால்

நட்ட இருபது வாழைக்கன்றை ஒரே இரவில் தின்றுவிட்டுப் போனால் மனது வலிக்கத்தான் செய்யும். எனக்கும் வலித்திருக்கிறது. சரிசெய்வதற்கு முன் படம் எடுங்கள், குளம்படியும் தெரியும்படி. கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் எழுதிக் கொடுத்து இழப்பீட்டுக்கு வழி உண்டா என்று கேளுங்கள். கன்றுகளை வீட்டுக்குப் பக்கமும், மஞ்சள், இஞ்சி, மிளகுக்கொடி போல மான் அவ்வளவாக விரும்பாதவற்றை மலைப் பக்கமும் நடலாம். உதிர்ந்த பலாப்பழத்தை அன்றன்றே எடுத்துவிடுங்கள். பழத்துக்கு மிளா வரும், மிளாவைத் தொடர்ந்து வேறு ஆட்களும் வருவார்கள். யானைக்கும் பலா பிடிக்கும்.

மறுநாள் காலையில்

மான் போன பிறகு வெளிச்சம் வந்ததும் குளம்படியைப் பின்தொடர்ந்து மனையின் எல்லை வரை நடந்து பாருங்கள். இரட்டைக் குளம்பு, முன்பக்கம் கூராக இருக்கும். மிளாவுடையது கன்றுக்குட்டிக் குளம்பு அளவு, கேளையுடையது இரண்டு விரல் அகலம்தான். எங்கே உள்ளே வந்தது, எங்கே வெளியே போனது என்று இரண்டு இடத்திலும் ஒரு கல்லை வையுங்கள். மூன்று நான்கு முறை இப்படிச் செய்தால் அது ஒரே வழியில்தான் வந்து போகிறது என்று தெரியும். மதில் கட்டக் கொத்தனார் வரும்போது அந்த இரண்டு கல்லையும் காட்டி, அந்த இடங்களில் மாடு நுழையும் அகலத்துக்குச் சுவரில்லாமல் விடச் சொல்லுங்கள். பகலில் மூங்கில் படலால் மூடிக்கொள்ளலாம். எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் மாமனார் விட்ட இடைவெளி இன்னும் இருக்கிறது. இரவு படலை எடுத்து வைப்பது இப்போது என் வேலை.